மூன்று நாள் என்று அவள் சொன்னாள்

மகனே, அடுத்த அறையில் நீ சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்கிறது. சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் சொன்னால் நான் கோபத்தில் பாதியை விழுங்கிவிடுவேன், மீதியை நீ சிரித்தே ஆற்றிவிடுவாய். சின்ன வயதிலிருந்து உனக்கு அந்த வித்தை தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இப்போதுதான் தலைக்கு ஊற்றிக் குளித்தேன். முடி காயவில்லை. முதுகில் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பின்னால் வரும்.

போன வாரம் வேலைக்கான கடிதத்தைக் கைபேசியில் காட்டினாய். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஆஸ்பத்திரி க்ளைம்களைப் பரிசீலிக்கிற அலுவலகம், சென்னையில். உன் வாப்பா தச்சநல்லூர்க் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். பக்கத்துக் கடை அண்ணாச்சி, “ஏலே, இனிமே எனக்கு நெஞ்சு வலிச்சா நீதான் பாஸ் பண்ணணும், மறந்துராத வே” என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் என் முகத்தைப் பார்த்து, உனக்குச் சந்தோசம் இல்லையா உம்மா என்று கேட்டாய். தலைவலி என்றேன். அது பொய். பதினொரு வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் உட்கார்ந்து நான் அனுப்பிய தாள்களெல்லாம், நீ போய் உட்காரப்போகிற அந்த மாதிரி மேஜைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நடுவில் மூச்சுக்குத் திணறுகிற ஒரு பச்சைப் பிள்ளை. அதுதான் என் முகத்தில் இருந்தது.

இதை உன் கையில் மட்டும் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனால் உன்னைப் போல வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர், என்னைப் போலப் படிவம் நிரப்புகிறவர்களும் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்று ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன் உம்மாவின் தப்பு ஊருக்குத் தெரிகிறதே என்று நீ கூச்சப்பட வேண்டாம். ஊருக்குத் தெரிய வேண்டிய தப்புதான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ‘சளி சீசன்’ என்று ஒரு பேச்சு உண்டு. வியாபாரிகள் மாம்பழ சீசன் என்பார்களே, அப்படி. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சீசன் தொடங்கும். கூடுதல் கட்டில் இறக்குவார்கள், ஆக்சிஜன் சிலிண்டருக்குச் சொல்லி வைப்பார்கள், லீவு கேட்கிற நர்ஸுக்கு முறைப்புதான் கிடைக்கும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். என்ன பழுக்கிறது அங்கே? பெரியவர்களுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகிப் போய்விடுகிற அதே வைரஸ்தான். ஆர்.எஸ்.வி. என்று ஒன்று, அதன் கூட்டாளிகள் சில. கைக்குழந்தையின் நெஞ்சுக்குள் இறங்கினால் நூல் பருமன் மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும். மூச்சை இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழே தோல் குழிந்து போகும். பால் குடித்தால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பால் குடிக்க முடியாது. இதைக் கொல்கிற மருந்து என்று எதுவும் எங்கள் வார்டில் கிடையாது. ஆக்சிஜன் வைக்க வேண்டும், மூக்குச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், குழாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஒருத்தி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையே போராடி வெளியே வரும். வைத்தியம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு ஆகிற செலவில் ஒரு குடும்பம் இரண்டு வருடம் பின்னால் போய்விடும்.

நான் எத்தனையோ பதில் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். ‘கண்காணிப்புக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளார், குறிப்பிடத்தக்க சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை, எனவே தொகை வழங்க இயலாது.’ மருந்தே இல்லாத நோய்க்கு, என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்கிற கேள்வி அது. நாங்கள் மட்டும் என்ன, சளைத்தவர்களா? கம்பெனி அப்படிக் கேட்கும் என்று தெரிந்ததும் கேஸ் ஷீட்டில் ஊசி ஏறும். “ஊசி இருந்தாத்தான்க்கா அப்ரூவல் வரும்” என்று மேனேஜர் என்னிடமே சொல்லியிருக்கிறார். வைரஸுக்கு ஒரு துரும்பும் செய்யாத ஆன்டிபயாடிக்குக்காக, பச்சைப் பிள்ளையின் புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடுவார்கள். நோய்க்காகக் குத்தாத ஊசி அது, கம்பெனிக்காகக் குத்தியது. அந்த அழுகை என் மேஜை வரைக்கும் கேட்கும். நான் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் பொதுவான கோபம். பொதுவான கோபத்தோடு பதினொரு வருடம் சம்பளம் வாங்கலாம், நான் வாங்கினேன். ரஹீமாவின் கதைதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. ரஹீமா அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. போன மழைக்காலத்தில் வந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை, வாக்கப்பட்டது நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில். மாப்பிள்ளை சவுதியில் ஒரு கடையில் வேலை. நாலரை மாதப் பெண் குழந்தை. இரண்டு பஸ் மாறி, பிள்ளையை மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது, குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நேரே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரஹீமாவும் கூடவே ஓடினாள். மாமியார் காகிதப் பையோடு என் மேஜைக்கு வந்தார்.

பையில் காப்பீட்டு அட்டை இருந்தது. அந்த மாப்பிள்ளைப் பையன் கெட்டிக்காரன். கைக்குழந்தையைத் தொண்ணூறு நாள் கழிந்துதான் பாலிசியில் சேர்ப்பார்கள் என்று விசாரித்து வைத்து, அங்கிருந்தே நாள் எண்ணிக்கொண்டிருந்து, தொண்ணூற்றொன்றாம் நாள் பணம் கட்டிச் சேர்த்திருந்தான். சேர்ந்த பிறகு க்ளைம் கேட்க முடியாத காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டிருந்தது. எல்லாம் ஒழுங்கு. சிகிச்சைச் செலவுக்குக் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கிற படிவத்தை எடுத்தேன். அதில் ஒரு கட்டம் உண்டு: அறிகுறிகள் எப்போதிலிருந்து. அதை டாக்டர்தான் விசாரித்து எழுத வேண்டும். ஆனால் சீசன் நாளில் டாக்டருக்கு ஏது நேரம்? நாங்கள் எழுதி அடுக்கி வைப்போம், அவர் வந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எல்லா இடத்திலும் நடக்கிறதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எப்ப இருந்து மாமி பிள்ளைக்குச் சளி?” என்று கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிவிட்டுச் சொன்னார். “நாப்பது குளிச்சாள்ல, அன்னைக்கு இருந்துதான். சொல்லச் சொல்லக் கேக்காம தலையோட மடமடன்னு ஊத்திக்கிட்டா. ஈரத் தலையோட பால் குடுத்தா பிள்ளைக்கு இறங்காதா? அன்னைக்குப் பிடிச்சது, இன்னும் விடல்ல.”

பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிக் குளிப்பதைத்தான் நம் வீடுகளில் ‘நாப்பது’ என்கிறோம். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு பிள்ளை தும்மினால்கூட அந்தக் குளியலில் இருந்துதான் கணக்குத் தொடங்கும் என்பது. பிள்ளைக்குச் சளியா? தாய் தலைக்கு ஊற்றினாள். தாய் தயிர் தின்றாள். தாய் தண்ணீரில் நின்று துணி அலசினாள். நாலு வீட்டில் இருமல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு ஒழுகல், மழைக்கு அடைத்துக் கிடக்கிற ஜன்னல் என்று எதுவும் யார் கண்ணிலும் படாது. தாயின் தலைமுடி மட்டும் படும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விலங்கியல் பட்டதாரி உன் உம்மா. வைரஸ் என்றால் என்ன, அது எப்படிப் பரவும் என்று பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறியவள். அந்தக் கட்டத்தில், ‘பிறந்த நாற்பதாம் நாள் முதல் தொடர் சளி, இருமல்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். தாள் போயிற்று.

மூன்றாம் நாள் மதியம் பதில் வந்தது. நோய் பாலிசியில் சேருவதற்கு முன்பே, நாற்பதாம் நாளிலேயே, இருந்திருக்கிறது. முன்பே இருந்த நோய். மறைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி மறுக்கப்படுகிறது. அப்போது குழந்தை மூக்கில் பெரிய குழாயோடு ஐ.சி.யூ.வில் கிடந்தது. ஒரு நாள் கட்டணம், மேலப்பாளையத்தில் ரஹீமாவின் உம்மா ஒரு மாதம் குனிந்தபடி பீடி சுற்றினாலும் வராது.

சொல்ல வேண்டியது என் வேலை என்பதால் வார்டு வாசலுக்குப் போனேன். மாமியார் தாளை வாங்கி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, கம்பெனியைத் திட்டவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, “கேட்டுக்கோ. நான் சொன்னா கெழவி பேச்சுன்னா. இப்பக் கம்பெனிக்காரனே எழுதிட்டான், நாப்பதுல இருந்துன்னு” என்றார். ரஹீமா சுவரோடு சாய்ந்து நின்றாள். பால் கட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. என்னை அக்கா முறை வைத்து மெதுவாகச் சொன்னாள்: “மூணு நாளுதான் லாத்தா. வந்த அன்னைக்கே நர்ஸுட்ட சொன்னேன். அதுக்கு முன்ன பிள்ளை நல்லா வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. மூணு நாளுதான்.”

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நர்ஸ் எழுதிய சேர்க்கைக் குறிப்பு இருந்தது. ‘தாய் கூறியது: மூன்று நாட்களாக மூக்கொழுகல், நேற்று முதல் மூச்சிரைப்பு, பால் குடிக்கவில்லை. அதற்கு முன் நலம்.’ தாய் கூறியது என்றே எழுதியிருந்தது. ஒரே ஃபைலில் இரண்டு தாள், இரண்டு தேதி. ஒன்று பிள்ளையை ராப்பகலாகச் சுமந்தவள் சொன்னது. மற்றது நான் எழுதியது. இரண்டுமே கம்பெனிக்குப் போயிருந்தன. அந்தப் பக்க மேஜையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பிள்ளை இரண்டையும் பார்த்திருக்கிறான். கம்பெனிக்கு எது லாபமோ அதை எடுத்துக்கொண்டான். எது சரி என்று ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அவனைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் அவன் பொய் எழுதவில்லையே. பொய்யை எழுதிக் கொடுத்தவள் நான்.

மேனேஜரிடம் போய் நின்றேன். தேதி தப்பு, திருத்தி அனுப்பலாம் என்றேன். அவர் பையப் பேசுகிற மனிதர், அன்றும் பையத்தான் பேசினார். “அக்கா, ஒருக்க எழுதுனத மாத்துனா ஆஸ்பத்திரியே கள்ளக் கையெழுத்துப் போடுதுன்னு சொல்லுவான். கம்பெனிப் பட்டியல்ல இருந்து நம்ம ஆஸ்பத்திரி பேரத் தூக்கிட்டான்னா நூறு பேருக்குக் காப்பீடு போச்சு. ஒரு பிள்ளைக்காக நூறு பிள்ளையப் பாக்கணுமா வேண்டாமா?” என்றார். நியாயம் மாதிரியே இருந்தது. நம்மை வாயடைக்க வைக்கிற பேச்சுகள் எப்போதும் நியாயம் மாதிரியேதான் இருக்கும். நான் மேஜைக்குத் திரும்பி வந்து அடுத்த ஆளின் அட்டையை வாங்கினேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ‘சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டோம். அதுவரைக்குமான பில்லுக்கு ரஹீமாவின் வளையல் போயிற்று, மாமியாரின் தோடும் போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் சிலிண்டர் உருளாமல் இருக்க அந்த மாமி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்நெஞ்சக்காரி இல்லை அவர். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் போட்டிருந்தார்களாம். ஆனால் யாரும் தேதி கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். குழந்தை பிழைத்தது. மேகம் திரண்டால் அதன் நெஞ்சில் இன்னும் விசில் கேட்கிறது என்கிறாள் ரஹீமா.

பிள்ளை பிழைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே பழைய சீட்டு வாங்க ரஹீமா தனியாக வந்தாள். மேலப்பாளையத்தில் உம்மா வீட்டில் இருக்கிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, சவுதியில் இருந்து மாப்பிள்ளை போனில் சொன்னதைச் சொன்னாள். அவன் திட்டவில்லை, அதுதான் கொடுமை. கம்பெனி அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறான். நாற்பதாம் நாளில் இருந்து பிள்ளைக்கு நோய் என்று எழுதியிருக்கிறதே, தொண்ணூறு நாளுக்கு மேல் நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறான். கொஞ்ச நாள் உன் உம்மா வீட்டில் இரு என்று சொல்லியிருக்கிறான். “நான் மறைச்சிட்டேன்னு எழுதியிருக்காம்ல லாத்தா. மாமி சொன்னாக்கூட பரவாயில்ல. தாள்ல வந்திருச்சே” என்றாள்.

மகனே, இங்கேதான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு மாமியார் வாய் போக்கில் சொன்ன பழி அது. வீட்டோடு கிடந்திருந்தால் நாலு நாளில் ஆறிப்போயிருக்கும். அதை எடுத்து ஆங்கிலமாக்கி, டாக்டர் கையெழுத்து வாங்கி, கம்ப்யூட்டருக்குள் அனுப்பியது நான். அது கம்பெனி முத்திரையோடு திரும்பி அதே வீட்டுக்குள் வந்தது, அத்தாட்சியாக. காப்பீட்டுப் பணம் போனது ஒரு நஷ்டம். அந்தப் பெண்ணின் சொல்லுக்கு அவள் புருஷனிடத்தில் மதிப்பு இல்லாமல் போனதை எந்தப் பில்லில் சேர்ப்பது? இந்த நோய்க்கு ஆகும் செலவு பற்றிப் பேசுகிறவர்கள் கட்டில், ஆக்சிஜன், மருந்து என்று கூட்டிச் சொல்வார்கள். போன வேலைநாள், பஸ் கூலி வரைக்கும்கூடச் சேர்ப்பார்கள். பழியைச் சேர்க்க மாட்டார்கள். அதை எப்போதும் ஒருத்திதான் கட்டுகிறாள்.

நான் ஏன் அந்த மாமியை நம்பினேன் என்று எனக்கே நான் கேட்டுக்கொண்டேன். பதில் உன்னிடம் போய் முடிந்தது. நீ மூன்று மாதப் பிள்ளையாக இருந்தபோது இதேபோல உனக்கு மூச்சு இழுத்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். உன் வாப்பாவின் உம்மா வந்து உன் நெஞ்சைப் பார்த்துவிட்டு, என் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் உன்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், ஆளாளுக்கு வாங்கி முத்தம் கொடுத்தார்கள், அதில் ஒருவர் மூக்கைத் துடைத்த கர்ச்சீப்பைக் கீழே வைக்காமலே கொடுத்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் அவரை நான் நினைக்கவே இல்லை. என் ஈரத் தலையைத்தான் நினைத்தேன். ஒரு வருடம் தயிர் தொடவில்லை. வாரம் ஒருநாள், நடு வெயிலில் மட்டும் தலைக்குக் குளித்தேன். பரீட்சையில் எழுதியது ஒரு பக்கம் இருந்தது, இந்தப் பயம் வேறொரு பக்கம் இருந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. இருபத்திரண்டு வருடம் கழித்தும், இந்த வீட்டில் யாராவது இருமினால் அன்று நான் தலைக்கு ஊற்ற மாட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த மாமி ‘நாப்பது குளிச்சாள்ல’ என்றதும் என் கை தானாக எழுதியதற்கு அதுதான் காரணம். எனக்கு விழுந்த அதே பழியைத்தான் அவளுக்கு எழுதினேன்.

ரஹீமா வந்துபோன மறுநாள், கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். படிவத்தில் உள்ள தேதி டாக்டர் விசாரித்து எழுதியது அல்ல, நான் எழுதியது. தாயிடம் கேட்காமல் எழுதியது. தாய் சொன்னது சேர்க்கைக் குறிப்பில் இருக்கிறது என்று. நர்ஸின் தாளை இணைத்தேன். டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதும் படித்தார். என் பதினொரு வருடத்தில் அவர் ஒரு தாளை முழுவதும் படித்துப் பார்த்தது அன்றுதான். “நான் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். அதையும் சேத்து எழுதுங்க” என்றார். எழுதினேன். அடுத்த வாரம் மேனேஜர் என்னை டெஸ்க்கில் இருந்து எடுத்துப் பழைய ஃபைல் அறைக்குப் போட்டார். வேலை மாற்றம், சீசனுக்கு இளம் ஆள் வேண்டும் என்றேனே உன்னிடம், அது இதுதான்.

கம்பெனியிடம் இருந்து இன்னும் பதில் இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடம் அது ஒன்றில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன்னிடம் கல்யாண வீடு என்று சொல்லிவிட்டு, நாங்குநேரி பஸ் ஏறினேன். மாமி என்னை அடையாளம் கண்டுகொண்டார், உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். நான் கடிதத்தின் நகலை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “அப்பக் கம்பெனிக்காரன் எழுதுனது?” என்றார்.

“அது கம்பெனிக்காரன் எழுதல்ல மாமி. நீங்க சொன்னீங்க, நான் எழுதுனேன். அதப் பாத்து அவன் எழுதுனான்.”

டம்ளரைக் கீழே வைத்தார். “தலைக்கு ஊத்துனா சளி பிடிக்காதுன்னா சொல்லுத?” என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இது காற்றில் வருகிற கிருமி, யார் வீட்டிலிருந்தும் யாருக்கும் வரும், யார் மேலும் குற்றமில்லை என்றேன். அன்றைக்கு அவரே இருமிக்கொண்டிருந்தது என் நினைவில் இருந்தது. சொல்லவில்லை. ஒரு பழியை எடுத்து இன்னொருத்தி தலையில் வைப்பதற்கா நான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன்? “எங்க மாமியும் எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. நானும் நம்புனேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போனை எடுத்து மகனுக்குப் போட்டார். “எலே, ஆஸ்பத்திரிக்காரப் புள்ள வந்திருக்கு. நீ அது சொல்லுதத கேளு” என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, “அவ மூணு நாளுன்னுதான் எங்கிட்டயும் சொன்னா” என்றான்.

பத்து நாள் கழித்து ரஹீமா கூப்பிட்டாள். மாமியே வந்து கூட்டிக்கொண்டு போனாராம். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் இல்லை. “ஆனா லாத்தா, இன்னும் தலைக்கு ஊத்தவிடல்ல” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்று கோபம்தான் வந்தது, அவர்கள் மேல் அல்ல. இன்று காலை உன் வாப்பா இருமிக்கொண்டே கடைக்குக் கிளம்பினார். நான் நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு ஊற்றிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் நீ உட்காராவிட்டால் இன்னொருவன் உட்காருவான், அவனுக்கு இப்படி எழுத யாரும் இல்லாமல் போகலாம். உன் மேலதிகாரி ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் முடி என்பார். மறுக்க வழி இருக்கிறதா பார் என்பார், அந்த வார்த்தையில் சொல்லாவிட்டாலும். நீ பயப்படுவாய். நானும் பயந்தவள்தான், அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. மழைக்காலத்தில் உன் கணினியில் பச்சைப் பிள்ளைகளின் ஃபைல்கள் வந்து குவியும். சிலவற்றில் ஒரே நோய்க்கு இரண்டு தேதி இருக்கும். படிவத்தில் தகப்பனின் எண் இருக்கும், பாலிசி அவன் பெயரில்தானே. கூட வந்த பெரியவரின் எண்ணும் இருக்கலாம். பிள்ளையைப் பெற்றவளின் எண்ணுக்கு அதில் கட்டமே கிடையாது. பதினொரு வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியும் நான் அதைக் கவனித்ததில்லை.

அதனால் நீ போன் போட வேண்டும். யாராவது ஓர் ஆண் எடுப்பான், அல்லது ஒரு மாமி எடுப்பார். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள். எழுதிவிட்டு வைத்துவிடாதே. “பிள்ளையோட உம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க” என்று கேள். கொடுக்கத் தயங்குவார்கள், நீ விடாதே. போன் கை மாறுகிற சத்தம் கேட்கும். எத்தனை நாளாக என்று அவளிடம் கேள். அவள் உடனே பேசமாட்டாள். அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் லைனில் இரு.

தலைக்குக் குளித்த ஈரம் காயுமுன் எழுதி முடித்த,
உன் உம்மா